சாலையோர உதவியும் சட்டத்தின் வாசலும்

(செகந்திராபாத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது.)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், "இந்த வருஷம் இலக்கியம் இல்லையா?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் உண்டு. செகந்திராபாத்தில் தமிழர் கட்டிய மேடைக்கு வயது அதிகம். சோமசுந்தர முதலியார் 1862-இல் தொடங்கிய மகபூப் கல்லூரியில்தான் விவேகானந்தர், அமெரிக்கா புறப்படுவதற்கு முன், 1893 பிப்ரவரி 13 அன்று பேசினார். அப்படிப்பட்ட ஊரில் நான் கார் சங்கங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாரடைஸ் சிக்னலில் நின்றுவிட்டுத் தாமதமாக உள்ளே நுழைகிறவர்கள் என்னை மன்னித்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

ஆட்டோமொபைல் கிளப்புகளின் கூட்டமைப்பு என்றால் நம்மில் பலருக்கு ஃபார்முலா ஒன் பந்தயம்தான் நினைவுக்கு வரும். பாரிஸில் 1904-இல் தொடங்கிய எஃப்.ஐ.ஏ., அதாவது சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு, பந்தயத்தை நடத்துகிறது, உண்மைதான். ஆனால் அது அடிப்படையில் நாடுதோறும் உள்ள வாகன ஓட்டிகள் சங்கங்களின் கூட்டு. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்கு உறுப்பினர்கள் உண்டு. எரிபொருள் வரி, வேக வரம்பு, வாகனப் பாதுகாப்பு, எல்லை கடக்கும் ஆவணங்கள் என்று அரசுகளோடு பேசுவது அதன் மற்றொரு பாதி வேலை. இந்தியாவிலும் அப்படியொரு கூட்டமைப்பு இருக்கிறது. அதன் பெயரை இந்த அவையில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று நான் கையைத் தூக்கச் சொல்லப் போவதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாகன ஓட்டிகளின் சங்கத்துக்குக் கொள்கை வகுக்கும் இடத்தில் கிடைக்கும் மரியாதை, அது சாலையோரத்தில் செய்யும் சேவையிலிருந்து வருகிறது. சேவை உறுப்பினரைத் தருகிறது. உறுப்பினர் வழியாகச் சான்று சேர்கிறது. சான்று இருப்பவர் பேசினால் அமைச்சகம் காது கொடுக்கிறது. இந்தியாவில் அந்தச் சேவைகள் ஒவ்வொன்றாக வேறு கைகளுக்குப் போயின. பேச்சும் கூடவே போயிற்று.

1. சங்கம் பிறந்தது போலீஸோடு வந்த தகராறில்

பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கு மணிக்கு 20 மைல் என்று வரம்பு வைத்தது. போலீஸ்காரர்கள் வேலிப் புதர்களுக்குப் பின்னால் நிறுத்துக் கடிகாரத்தோடு மறைந்திருந்து பிடித்தார்கள். பிடிபட்டவர்கள் அக்காலத்துச் செல்வர்கள், கோபம் வந்தது. 1905-இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் உருவாயிற்று. சைக்கிளில் ஆட்களை அனுப்பி, முன்னால் போலீஸ் ஒளிந்திருக்கிறது என்று கார்காரர்களை எச்சரிப்பதுதான் அதன் முதல் வேலை. இதைவிட உயர்வான நோக்கம் எதுவும் அப்போது இல்லை.

1910-இல் பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் என்ற வழக்கில், இப்படி எச்சரிப்பது காவலரின் கடமைக்கு இடையூறு என்று தீர்ப்பு வந்தது. சங்கம் அசரவில்லை. சங்கத்தின் சின்னத்தைத் தாங்கிய கார் வந்தால் ரோந்துக்காரர் சல்யூட் அடிப்பது வழக்கம். அவர் சல்யூட் அடிக்காவிட்டால் வண்டியை நிறுத்திக் காரணம் கேளுங்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லிவைத்தார்கள். சல்யூட் அடிக்காததற்காக யார் மீதும் வழக்குப் போட முடியாதே! அரை நூற்றாண்டு இந்த வழக்கம் ஓடியது.

ஆனால் அதே ரோந்துக்காரர் பஞ்சரும் ஒட்டினார், ஊர்ப்பெயர்ப் பலகையும் நட்டார், விபத்தில் கிடந்தவரைத் தூக்கிவிட்டார். நாளடைவில் நாட்டின் சாலைகளைப் பற்றி அரசைவிட அதிகம் தெரிந்த அமைப்பாக அது ஆனது. தகராறில் பிறந்த சங்கம் ஆலோசனை கேட்கப்படும் சங்கமானது இப்படித்தான்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அமெரிக்காவில் 1902-இல் சிகாகோவில் ஒன்பது கிளப்புகள் சேர்ந்து ஏ.ஏ.ஏ. என்ற கூட்டமைப்பை அமைத்தன. நல்ல சாலைக்காகக் குரல் கொடுத்தன. 1916-இல் மத்திய அரசு சாலைகளுக்கு நிதி தரும் சட்டம் வந்தது. 1920-களில் இதே கார் கிளப்புகளும் கார் வியாபாரிகளும் சேர்ந்து, தெருவில் அங்கங்கே குறுக்கே நடப்பவரைக் குற்றவாளியாக்கும் பிரச்சாரத்தையும் முன்னெடுத்தார்கள். அதுவரை நடப்பவருக்கும் விளையாடும் குழந்தைக்கும் சொந்தமாக இருந்த தெரு காருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. சங்கம் பேசுகிறது என்றால் யாருக்காகப் பேசுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

2. இரண்டு கோடிப் பேரின் பழுதுப் பதிவேடு

ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. 1903-இல் மோட்டார் சைக்கிள்காரர்களின் சங்கமாகத் தொடங்கியது. இதைக் குறித்துவைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். இன்று அதன் உறுப்பினர்கள் 2 கோடிக்கு மேல். நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். நடுவழியில் வண்டி நின்றால் மஞ்சள் வாகனம் வரும். மக்கள் அவர்களை 'மஞ்சள் தேவதைகள்' என்றே அழைக்கிறார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது தேவதைகளை அல்ல, அவர்கள் கையில் இருக்கும் பதிவேட்டை. எந்த மாடல் எத்தனை வயதில் எதனால் நின்றது, பேட்டரியா, ஸ்டார்ட்டரா, எரிபொருள் பம்பா என்று ஒவ்வொரு அழைப்பும் பதிவாகிறது. 1978 முதல் அது ஆண்டுதோறும் புள்ளிவிவரமாக வெளியாகிறது. கார் நிறுவனங்கள் அந்தப் பட்டியலுக்கு அஞ்சுகின்றன. வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து வாங்குகிறார்கள். ஒரு நிறுவனம் "எங்கள் வண்டியில் குறையே இல்லை" என்று அமைச்சகத்தில் சொன்னால், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் எண்ணிக்கை இருக்கிறது.

இந்தப் பலமும் தவறாகப் பயன்பட்டதுண்டு. 1974-இல், எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, நெடுஞ்சாலையில் வேக வரம்பு என்ற பேச்சு எழுந்தபோது, சுதந்திரக் குடிமக்களுக்குச் சுதந்திரப் பயணம் என்ற முழக்கத்தோடு ஏ.டி.ஏ.சி. எதிர்த்தது. ஜெர்மனியின் ஆட்டோபானில் பொதுவான வேக வரம்பு இன்றுவரை இல்லை. 2014-இல் இன்னொரு சறுக்கல்: மக்களுக்குப் பிடித்த கார் விருதுக்கான வாக்கு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியது வெளிப்பட்டு, சங்கத்தின் தலைவரே பதவி விலகினார். எண்ணிக்கையால் நின்றவர்கள் எண்ணிக்கையில் பொய் சொன்னால் எதில் நிற்பது? ஆறு ஆண்டு கழித்து, 2020-இல், வேக வரம்பை நாங்கள் இனிக் கொள்கையளவில் எதிர்க்கவில்லை என்று அதே சங்கம் அறிவித்தது. உறுப்பினர்களிடமே கருத்து இரண்டாகப் பிரிந்திருந்ததுதான் காரணம். தன் உறுப்பினரைக் கேட்கத் தெரிந்த சங்கம் தன்னைத் திருத்திக்கொள்ளவும் முடிகிறது.

ஐரோப்பாவில் 1997-இல் தொடங்கிய யூரோ என்கேப் மோதல் சோதனைத் திட்டத்தில் ஏ.டி.ஏ.சி. போன்ற கிளப்புகளும் எஃப்.ஐ.ஏ.வும் பங்காளிகள். அந்த அனுபவத்தின் வழியில் 2011-இல் உருவான குளோபல் என்கேப், 2014 ஜனவரி இறுதியில் இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களின் அடிப்படை மாடல்களை மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ. காற்றுப்பை இல்லாத அந்த மாடல்கள் அனைத்தும் பெற்றது பூஜ்ஜிய நட்சத்திரம். பிறகு மோதல் சோதனை விதிகள் வந்தன, 2019 ஜூலையில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று, 2023-இல் பாரத் என்கேப் வந்தது. இந்தியக் கார் வாங்குபவருக்காக முதலில் சத்தமாகப் பேசிய குரல் லண்டனிலிருந்து வந்தது என்பதில் நமக்குப் பெருமை கொள்ள ஒன்றும் இல்லை.

3. நம் சங்கங்கள்

நம்மிடம் சங்கங்கள் இல்லாமல் இல்லை. கல்கத்தாவில் 1904-இலேயே வங்காள ஆட்டோமொபைல் சங்கம் பிறந்துவிட்டது, அதாவது எஃப்.ஐ.ஏ. பிறந்த அதே ஆண்டு. பம்பாயில் 1919-இல் மேற்கிந்தியச் சங்கம். சென்னையில் தென்னிந்தியச் சங்கம், வடக்கே தில்லியை மையமாகக் கொண்ட ஒன்று. எல்லாம் மாகாண எல்லைகளைப் பின்பற்றியவை. வெள்ளைக்கார அதிகாரிகள், தோட்டத் துரைகள், ஜமீன்தார்கள், பெரிய வக்கீல்கள் என்று அன்றைக்குக் கார் வைத்திருந்தவர்களே உறுப்பினர்கள். சென்னையின் முதல் வண்டிப் பதிவெண்களில் எம்.சி. 1 துறைமுகத்தைச் சீரமைத்த பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கும், எம்.சி. 3 கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருக்கும் போயின என்றால், கூட்டம் எத்தகையது என்று தெரிந்துகொள்ளலாம்.

நிஜாம் சமஸ்தானத்துக் கதை வேறு. ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் சிம்மாசனம் வைத்த ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றுக்குச் சொல்லிவிட்டு, அது வந்துசேரும் முன் 1911-இல் காலமானார். மகன் உஸ்மான் அலி கானும் அதை அதிகம் ஓட்டவில்லை; இன்று சௌமகல்லா அரண்மனையில் பார்க்கலாம். மக்களுக்கு மோட்டார் வந்தது 1932-இல், நிஜாம் ரயில்வே 27 பேருந்துகளோடு சாலைப் போக்குவரத்துப் பிரிவைத் தொடங்கியபோது. இங்கே சாலை என்றால் முதலில் அரண்மனை, அடுத்து ராணுவம், பிறகு அரசுப் பேருந்து. தன் வண்டியைத் தானே ஓட்டும் குடிமகன் என்ற ஆள் கணக்கில் மிகவும் பிந்தித்தான் வந்தார்.

பிரிட்டிஷ் இந்தியாவில் ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. 1927-இல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் சாலை வளர்ச்சிக் குழு அமைந்தது. மறு ஆண்டு அறிக்கை தந்தது. ஒரு கேலன் பெட்ரோலுக்கு இரண்டு அணா கூடுதல் வரி, அந்தப் பணம் சாலைக்கே என்பது அதன் சாரம். 1929-இல் மத்திய சாலை நிதி பிறந்தது. ஓட்டுபவர் வரி கொடுப்பார், அரசு சாலை போடும்: கணக்கு எளிது. 2018-இல் அந்த நிதியின் பெயர் மாறி, சாலை அல்லாத கட்டமைப்புகளுக்கும் செலவிட வழி பிறந்தது. சரியா தவறா என்பதை நான் இங்கே தீர்க்க வரவில்லை. இரண்டு அணா கொடுத்த தரப்பின் சார்பில் நாடு கேட்கும்படி யாரும் கேள்வி எழுப்பவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஏன் எழுப்பவில்லை? சேவைகள் போன கதையைப் பாருங்கள். வெளிநாட்டில் வண்டி ஓட்டத் தேவையான சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அமெரிக்காவில் கிளப்பே தருகிறது. கொழும்பில் 1904-இல் தொடங்கிய இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்துக்கும் இந்த ஆவண வேலையில் பங்கு உண்டு. நம்மூரில் ஆர்.டி.ஏ. என்னும் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4-ஏ நிரப்ப வேண்டும். வழியில் வண்டி நின்றால் கார் நிறுவனமோ காப்பீட்டு நிறுவனமோ ஆள் அனுப்புகிறது. வரைபடம் கைப்பேசியில் வந்துவிட்டது. சொந்த வண்டியோடு எல்லை கடப்பவருக்கான கார்னே என்னும் சுங்க உத்தரவாதப் புத்தகம் மட்டும் இன்றும் சங்கத்தின் வழியாகவே கிடைக்கிறது. அது தேவைப்படுபவர் எத்தனை பேர்? சங்கங்களின் ஓட்டுநர் பள்ளிகளும் சில சேவைகளும் தொடர்கின்றன. அவற்றை நடத்துகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. உறுப்பினராகச் சேர வேண்டிய கட்டாயம் நம் வாழ்க்கையிலிருந்து போய்விட்டது. பழுதுப் பதிவேடு இப்போது விற்றவரிடமே இருக்கிறது. அவர் அதை ஏன் வெளியிடப் போகிறார்?

4. நாற்காலி காலியாக இருப்பதில்லை

மத்திய மோட்டார் வாகன விதிகளுக்கான தொழில்நுட்ப நிலைக்குழு என்று ஒன்று உண்டு. நம் வண்டியில் எந்த விளக்கு, எந்த பிரேக், எவ்வளவு புகை என்பதெல்லாம் அங்கே பேசி வரும். அமைச்சகங்கள், தர நிர்ணய அமைப்பு, சோதனை நிலையங்கள், மாநிலப் போக்குவரத்துத் துறைகள், வாகன உற்பத்தியாளர் சங்கம், உதிரிபாக உற்பத்தியாளர் சங்கம், டிராக்டர் உற்பத்தியாளர் சங்கம்: இதுதான் அதன் அமைப்பு. ஓட்டுபவரின் சங்கம் இந்தப் பட்டியலில் இல்லை.

அவருக்கான நாற்காலியில் வேறு யார் யாரோ உட்கார்கிறார்கள். முதலில் லாரிக்காரர்களைப் பாருங்கள். அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸ் 1936-இல் தொடங்கியது. விபத்தில் ஒருவர் சாகக் காரணமாகிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடுபவருக்குப் பத்தாண்டுவரை சிறை என்று நியாய சம்ஹிதை என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின் 106(2) பிரிவு சொன்னதும், 2024 புத்தாண்டில் லாரி, டேங்கர் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். நம் ஊரில் பெட்ரோல் பங்க்குகளில் நின்ற வரிசையை மறந்திருக்க மாட்டீர்கள். பெட்ரோல் கிடைக்காமல் உணவு விநியோக ஊழியர் ஒருவர் குதிரையில் போன காட்சி நாடு முழுக்கப் பரவியது. ஜனவரி 2 இரவே உள்துறைச் செயலர் அந்த அமைப்போடு பேசினார். கலந்து பேசாமல் அமல்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். 2024 ஜூலை 1 அன்று சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் பிரிவு காரோட்டிக்கும் ஸ்கூட்டர் ஓட்டிக்கும் பொருந்தும். நாம் வரிசையில் நின்றோம்; அவர்கள் பேச்சு மேசைக்கு முன் உட்கார்ந்தார்கள்.

மற்றொரு நாற்காலியில் ஒரு மருத்துவர் உட்கார்ந்தார். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு பிறந்தது. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாண்டு, புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம் என்பதும் இந்த வழக்கின் வழி வந்த மாற்றம். அவரிடம் இருந்தது என்ன? அறுவை மேசைக்கு வந்த உடல்கள். சேவை செய்யும் இடத்தில் சான்று சேரும் என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை. ஆனால் ஒரு மருத்துவர் நீதிமன்றம் ஏறித்தான் இதைக் கேட்க வேண்டியிருந்தது என்பது நம் சங்க வாழ்வுக்கு நல்ல பெயர் அல்ல.

5. கன்டோன்மென்ட் சாலைகள்

இப்போது நம் வாசலுக்கு வருவோம். ராணுவப் பகுதிச் சாலைகள் மூடப்படுவது இந்த ஊரில் எத்தனை குடும்பங்களின் பயணத்தைப் பாதித்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கௌ ரோடு, வெலிங்டன் ரோடு என்று பெயர்கள் தெரியும். 2014-இல் மூடும் அறிவிப்பு தீவிரமானபோது சைனிக்புரி, மல்காஜ்கிரி பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கங்கள்தான் மனு எழுதின, நீதிமன்றம் போயின, பாதுகாப்பு அமைச்சகத்தின் கதவைத் தட்டின. 2018 மே மாதம் நாடு முழுக்கக் கன்டோன்மென்ட் சாலைகளைத் திறக்கச் சொல்லி அமைச்சகம் உத்தரவிட்டது. அதன் பிறகும் மூடுவதும் திறப்பதும் நின்றுவிடவில்லை. 2022 மார்ச்சில், சாலையை மூடினால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவோம் என்று மாநில அமைச்சர் சட்டமன்றத்திலேயே எச்சரிக்கும் வரை போனது விவகாரம்.

ராணுவத்தின் பாதுகாப்புக் கவலையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2006-ஆம் ஆண்டுக் கன்டோன்மென்ட் சட்டத்தின் 258-ஆம் பிரிவும் பாதுகாப்புக் காரணத்துக்காக நிரந்தரமாகத் தெருவை மூட இடம் தருகிறது. ஆனால் மூடும் முன் பொது அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நலச் சங்கங்கள் வென்ற இடமெல்லாம் இந்த வரியைப் பிடித்துக்கொண்ட இடம். வாகன ஓட்டிகள் சங்கத்தின் வேலையைக் காலனிச் சங்கங்கள் செய்தன, நன்றாகவே செய்தன. அவர்களால் முடியாதது ஒன்றுண்டு. மூடினால் தினமும் எத்தனை வண்டி எத்தனை கிலோமீட்டர் சுற்றும், ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு நேரம் கூடும் என்று எண்ணிச் சொல்ல ஓர் அமைப்பு வேண்டும். காலனிச் சங்கம் தன் காலனியை எண்ணும்.

6. யார் அந்த வாகன ஓட்டி?

ஏ.டி.ஏ.சி. மோட்டார் சைக்கிள் சங்கமாகத் தொடங்கியது என்றேன். இந்தியாவில் பதிவான வாகனங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று இருசக்கர வாகனங்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதத்தினர் நடந்து போனவர்கள். கார்காரரின் சங்கம் இவர்களை விட்டுவிட்டு வாகன ஓட்டிகளின் பெயரால் பேசினால் யார் நம்புவார்? இந்தியாவில் வாகன ஓட்டிகள் சங்கங்களின் கூட்டமைப்பு மறுபடி உயிர்பெற வேண்டுமானால் அது ஸ்கூட்டரில் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் தாயிடமிருந்தும், இரவு பதினொரு மணிக்கு உணவுப்பை சுமக்கும் இளைஞரிடமிருந்தும் தொடங்க வேண்டும் என்பது என் முடிவு.

இவர்கள் பேச எதுவும் இல்லையா? 2025 ஜூனில், எல்லாப் புதிய இருசக்கர வாகனங்களுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கைக் கட்டாயமாக்கும் வரைவு வந்தது. விலை கூடும் என்ற கவலை தொழில்துறைப் பக்கமிருந்து உடனே கேட்டது. பிரேக் பிடிக்கும்போது சறுக்கி விழுகிறவர் சார்பில் கேட்ட குரல் எது? நம் தெலங்கானாவில் நிலுவை சலான்களுக்கு 2022-இல் இருசக்கர வாகனத்துக்கு 75 சதவீதம், 2023 டிசம்பரில் 80 சதவீதம் தள்ளுபடி கொடுத்தார்கள். ஆடித் தள்ளுபடிபோல மக்கள் முண்டியடித்துக் கட்டினார்கள். அபராதம் சரி என்றால் ஏன் தள்ளுபடி, தவறு என்றால் ஏன் அபராதம் என்று சங்கமாக நின்று கேட்க ஆள் இல்லை. தலைக்கவசம் போடாததற்கும் தவறான படத்தால் வந்த சலானுக்கும் ஒரே தள்ளுபடி என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

சட்டத்தில் வாசல் திறந்தேதான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 212-ஆம் பிரிவுப்படி விதிகளை முன்கூட்டியே வரைவாக வெளியிட்டாக வேண்டும்; பெரும்பாலும் 30 நாள் அவகாசம் கொடுத்து ஆட்சேபங்களைக் கேட்கிறார்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 110-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி அரசு உத்தரவிடலாம். அதற்கான காரணங்களில் ஒன்று, குறிப்பிட்ட விகித உரிமையாளர்கள் அந்தக் குறையைத் தெரிவித்திருப்பது. அதாவது சட்டமே எண்ணிக்கை கேட்கிறது. தனி ஒருவர் எத்தனை முறை கத்தினாலும் அவர் ஒருவர்தான். ஒரே குறையுள்ள ஆயிரம் பேரை ஒரே பட்டியலில் கொண்டுவரும் அமைப்பு இல்லாவிட்டால் அந்தப் பிரிவின் இந்த வழி தாளில்தான் இருக்கும்.

ஆகவே இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள். பெரிய சங்கம் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் காலனியிலோ அலுவலகத்திலோ வண்டி நின்றுபோனால், எந்த மாடல், எந்தத் தேதி, எந்தப் பாகம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தத் திருப்பத்தில் எத்தனை ஸ்கூட்டர் சறுக்கியது என்றும் எழுதுங்கள். போக்குவரத்து அமைச்சகத்தின் அடுத்த வரைவு அறிவிக்கை வந்ததும், அந்த நோட்டில் உள்ளதை வைத்து, பல பேர் கையெழுத்திட்டு, கெடு முடிவதற்குள் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதன் நகலை இந்த அறக்கட்டளைக்கும் கொடுங்கள். அவற்றைத் தொகுத்து வைக்க நிர்வாகிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.